கரைசலும் கலைச்சொல்லும்: தமிழ்ப் பள்ளிகளில் வேதியியற் செய்முறை

மதுரைக்கு மேற்கே அமைந்த கீழக்குயில்குடியின் சமணர் மலையில், செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும், கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே பொறிக்கப்பட்ட அவ்வெழுத்துகளுள் சில, திருமேனியைச் செய்வித்தவர் இன்னாருடைய மாணாக்கர் என்றும், அவ்வாசிரியர் இன்னாருடைய மாணாக்கர் என்றும் கல்வி வழியை அடுக்கிக் கூறுகின்றன. துறவியர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல் கல்விக்கூடத்தைக் குறிப்பதாக வளர்ந்த வரலாற்றுக்கு இம்மலை ஒரு கற்சான்று எனலாம்.

அந்தப் பள்ளியில் அறிவு செவிவழி சென்றது. ஆசிரியர் சொன்னார், மாணாக்கர் கேட்டார், கேட்டதை நெஞ்சில் நிறுத்தினார். கல்வியைக் 'கேள்வி' என்றே வழங்கியது தமிழ் மரபு. கேட்டதைக் கையால் செய்து, கண்ணால் கண்டு, ஆசிரியர் சொல் மெய்யா என்று மாணாக்கனே ஆராயும் வேறொரு கல்வி பின்னர் வந்தது. சோதனைக் குழாயும் சுடரடுப்பும் கொண்டு வேதியியல் பயிலும் வகுப்பே அதன் தெளிவான வடிவம். அவ்வகுப்பு தமிழ் நிலத்துக்கு எவ்வாறு வந்தது, தமிழில் பேசத் தொடங்கியது எப்போது, அங்கே எந்தச் சொற்கள் நிலைத்தன, எவை உதிர்ந்தன என்பவை அறிவியலார்க்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்க்கும் அவற்றில் பங்குண்டு.

பட்டறையில் பிறந்த சொற்கள்

பொருளை வேறொரு பொருளாக மாற்றும் வித்தை தமிழர்க்குப் புதியதன்று. சுண்ணாம்புக் காளவாய், சாயத் தொட்டி, கொல்லன் உலை, சித்த மருத்துவரின் புடம் ஆகிய அனைத்தும் அதனை அறிந்திருந்தன. மஞ்சளோடு சுண்ணாம்பு சேரச் சிவப்பாவதைக் கொண்டே குங்குமம் செய்தனர். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோர் நவச்சாரத்தின் இயல்பை அறிவர். அன்னபேதி, மயில்துத்தம், படிகாரம், வெங்காரம், வெடியுப்பு, கந்தகம், இரசம் என நாட்டு மருந்துக் கடையின் அலமாரியே ஒரு சிறு வேதிப்பொருட் பட்டியல் ஆகும்.

சித்த மருத்துவர்கள் பொருள்களுக்கு மட்டுமன்றி, அவற்றின் மீது செய்யும் தொழில்களுக்கும் பெயர் வைத்திருந்தனர். வாலையில் இட்டுக் காய்ச்சி வடித்தனர், திராவகம் இறக்கினர், திண்மப் பொருள் உருகாது ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் மீண்டும் திண்மமாகப் படியுமாறு செய்து அதனைப் பதங்கம் என்றனர். இன்று பள்ளிப் பாடநூலில் கற்பூரத்திற்கும் நவச்சாரத்திற்கும் சொல்லப்படும் 'பதங்கமாதல்' இச்சொல்லின் வழிவந்ததே. 'வேதியியல்' என்னும் துறைப் பெயரும் இத்தகையதே. வேதை என்றால் தாழ்ந்த உலோகத்தை உயர்ந்த உலோகமாக மாற்றும் இரசவாதம். வேதித்தல் என்றால் மாற்றுதல். ஐரோப்பிய மொழிகளில் இத்துறையின் பெயர் அரபு வழி வந்த இரசவாதப் பெயரிலிருந்து கிளைத்ததைப் போலவே, தமிழிலும் இரசவாதியின் சொல்லே வேதியியலாரின் சொல்லாயிற்று.

ஆயினும் பட்டறை வேறு, பள்ளி வேறு. பட்டறை அறிவு மறைத்துக் காக்கப்பட்டது. தந்தை மகனுக்கும் குரு சீடனுக்கும் உரைத்தனர். பாடலாக எழுதியபோதும் பரிபாஷையில் எழுதிப் பிறர் அறியாவண்ணம் பூட்டி வைத்தனர். பள்ளியின் சோதனையோ மறைவற்றது. யார் செய்தாலும், எங்குச் செய்தாலும், முறை தவறாது செய்தால் ஒரே விளைவு வரும் என்பதே அதன் அடிப்படை. குலத்தைக் கேளாத கல்வி அது. தமிழ்நிலத்தில் அதன் வருகை எத்துணைப் பெரிய மாற்றம் என்பதை இவ்வேறுபாட்டைக் கொண்டே உணர முடியும்.

வட்டுக்கோட்டையும் மதுரையும்

ஐரோப்பாவிலும் மாணவர் தாமே சோதனை செய்யும் வழக்கம் மிகப் பழையதன்று. 1824இல் செருமனியின் கீசன் நகரில் பேராசிரியப் பொறுப்பேற்ற யூஸ்டஸ் லீபிக், மாணவர் ஒவ்வொருவரும் தம் கையால் பகுப்பாய்வு செய்து பழகும் ஆய்வுக்கூடத்தை அமைத்துப் புகழ் பெற்றார். இலண்டனில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, பேரறிஞராக உயர்ந்த மைக்கேல் பாரடே, 1860-61ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு மெழுகுவர்த்தியை மட்டுமே பொருளாகக் கொண்டு சிறுவர்க்கு வேதியியல் உரைகள் நிகழ்த்தினார். அவ்வுரைகள் 1861இல் நூலாயின.

இக்காலத்தின் காற்று தமிழ் நிலத்திலும் வீசியது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த தானியேல் பூர், 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக் கழகத்தைத் தொடங்கினார். சமயக் கல்வியோடு கணிதமும் வானியலும் இயற்கைத் தத்துவமும் வேதியியலும் அங்கு இடம்பெற்றன. கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை இக்கழகத்தில் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். பழந்தமிழ் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்த அப்பெருமகனார், இளமையில் அறிவியலும் கற்பித்த ஒரு கூடத்தில் வளர்ந்தவர் என்பது இலக்கிய அன்பர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

மதுரைக்கும் வட்டுக்கோட்டைக்கும் இடையே நெருங்கிய உறவு இருந்தது. யாழ்ப்பாணத்து மிசனின் கிளையாகவே 1834இல் மதுரை மிசன் தோன்றியது. அதனைத் தொடங்கிவைத்தவருள் ஒருவரான ஹென்றி ஹொய்சிங்டன், பின்னர் வட்டுக்கோட்டைக்குத் திரும்பி அக்கழகத்தின் தலைவரானார். வானியலில் வல்லவரான அவர் சைவ சித்தாந்த நூல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மறுபுறம் தானியேல் பூர் மதுரைக்கு வந்து சில ஆண்டுகள் பள்ளிகளை நடத்தினார். திருமங்கலத்தில் தொடங்கிய மதுரை மிசனின் கல்விக்கூடம் 1845இல் கீழக்குயில்குடிக்கு அணித்தான பசுமலைக்கு மாறியது. 1881இல் அங்கே கல்லூரி வகுப்புகள் தொடங்கின. பின்னர் மதுரை நகருக்குப் பெயர்ந்த அக்கல்லூரியே இன்றைய அமெரிக்கன் கல்லூரி.

வட்டுக்கோட்டை போன்ற கூடங்களில் உயர் அறிவியலின் வாய்மொழி பெரிதும் ஆங்கிலமாகவே இருந்தது. குடுவையில் நிகழ்ந்ததைத் தமிழ் மாணவன் தன் கண்ணால் கண்டான். ஆனால் அயல்மொழியில் அதனை எழுதினான். அவன் மொழி சோதனை மேசைக்கு வெளியே காத்து நின்றது.

கெமிஸ்தம்

அந்த வாயிலைத் திறந்தவர் ஒரு மருத்துவர். அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஷ் கிரீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். 1848 முதல் உள்ளூர் இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயில் அவர் நடத்திய மருத்துவக் கல்வி முதலில் ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. ஆங்கிலத்தில் பயின்றவர் அரசுப் பணியை நாடி ஊரை விட்டுச் செல்வதையும், தமிழில் பயின்றவரே தம் மக்களிடையே தங்கித் தொண்டு செய்யக்கூடும் என்பதையும் உணர்ந்த அவர், 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார்.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டும். நூல் எழுதச் சொல் வேண்டும். கிரீனும் அவருடைய மாணவர்களும் உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு, மருந்தியல் முதலிய துறைகளில் பெரும் நூல்களைத் தமிழாக்கினர். மருத்துவக் கல்விக்கு வேதியியல் அடிப்படை என்பதால் அதற்கும் ஒரு நூல் உருவாயிற்று. 1875இல் வெளிவந்த அந்நூலின் பெயர் 'கெமிஸ்தம்'.

இப்பெயரே ஒரு வரலாற்றுச் செய்தி. இரசாயனம் என்னும் வழக்குச் சொல் கையருகே இருந்தும், ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியை எடுத்து அதற்குத் தமிழ்ச் செவிக்கு இசைந்த ஈற்றைப் பொருத்தியிருக்கிறது இப்பெயர். கலைச்சொல் ஆக்கத்தில் கிரீன் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது, அதில் இல்லையெனில் வடமொழியை நாடுவது, அங்கும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது என்பது அதன் சாரம். பின்னர் எழுந்த கலைச்சொற் பூசல்கள் அனைத்தும் இம்மூன்று வழிகளுள் எதற்கு முதலிடம் என்பதைப் பற்றியவையே.

1873இல் கிரீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். 1884இல் மறைந்த அவருடைய கல்லறையில், தமிழருக்கான மருத்துவத் திருத்தொண்டர் என்னும் பொருள்பட எழுதப்பட்டுள்ளது. அவர் சென்றபின் மானிப்பாயின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. நூல்கள் இருந்தன, அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் மாணவர் வரிசை அற்றுப்போயிற்று. மேசையை இழந்த சொல் ஏட்டில் உறங்கும் என்பதற்கு இது முதற் சான்று.

சொற்போர்

இருபதாம் நூற்றாண்டில் சிக்கல் மீண்டும் எழுந்தது. 1916இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் முன்னின்று அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவி, அதன் சார்பில் ஓர் இதழும் வெளியிட்டனர். சொற்களைச் சேர்ப்பதோடு இராசாசி அமையவில்லை. எளிய மக்கள் படித்து அறியும்படி வேதியியலைத் தமிழில் விளக்கி 'திண்ணை ரசாயனம்' என்ற நூலை எழுதினார். கல்லூரி ஆய்வுக்கூடத்திற்கும் வீட்டுத் திண்ணைக்கும் இடையே இருந்த தொலைவை அப்பெயர் ஒரே வீச்சில் கடக்கிறது. வழக்கறிஞராக வாழ்ந்துகொண்டே பல்லாண்டுக் காலம் அறிவியற் கட்டுரைகள் எழுதிய பெ. நா. அப்புசுவாமியும் இப்பணியில் மறக்க முடியாதவர்.

1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியோர் உழைப்பால் பல துறை அறிஞரையும் புலவரையும் கூட்டி, 'கலைச்சொற்கள்' என்ற தொகுதியை 1938இல் வெளியிட்டது. 1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழியே பயிற்றுமொழி என்னும் கொள்கை உருப்பெற்றபோது, இப்பணி புலவர் அவையிலிருந்து வகுப்பறைக்கு வந்தது. 1940இல் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிச் சார்பான சொற்களை நோக்கிச் சாய்ந்ததெனத் தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். அதன் பயனாகத் தமிழறிஞர்க்கும் குழுவில் இடம் கிடைத்தது.

ஒரே வாயுவுக்கு எத்தனை பெயர்கள்! பிராணவாயு என்றனர், உயிர்வளி என்றனர், உயிரகம் என்றனர், ஆக்சிஜன் என்று எழுதினர், இலங்கையர் ஒட்சிசன் என்றனர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் மொழிபற்றிய ஒரு கொள்கை நின்றது. பிராணவாயு வடமொழியின் பொதுமையை நாடியது. உயிர்வளி தமிழின் தன்னிறைவை வற்புறுத்தியது. ஆக்சிஜன் உலக வழக்கோடு ஒத்துப்போக விரும்பியது. ஒட்சிசன் உலகச் சொல்லை ஏற்றும், தமிழ் ஒலி மரபுக்கு அதனை உட்படுத்தியது. அயற்சொல்லைத் தமிழ் எழுத்துக்கு இயைத்துக் கொள்வது தொல்காப்பியர் காலத்திலேயே வகுக்கப்பட்ட நெறி என்பது அறிஞர் அறிந்ததே.

இப்பூசலின் முடிவை இன்றைய பாடநூல்களில் காணலாம். தமிழக நூல்களில் தனிமங்களின் பெயர்கள் பெரிதும் கடன்சொற்களாகவே நின்றுவிட்டன: ஆக்சிஜன், ஹைட்ரஜன், நைட்ரஜன், குளோரின். இரும்பு, செம்பு, கந்தகம் போன்று முன்னமே கைக்குப் பழகியவற்றின் பெயர்களும் மறையவில்லை. ஆனால் தொழில்களையும் நிகழ்வுகளையும் குறிக்கும் சொற்கள் தமிழாகவே வேரூன்றின: கரைசல், வீழ்படிவு, வடிகட்டல், ஆவியாதல், படிகமாதல், பதங்கமாதல், நடுநிலையாக்கல், நிறங்காட்டி. பொருளின் பெயர் வெளியிலிருந்து வந்தது. வினை தமிழில் நடந்தது.

இதனை நம் இலக்கணச் சொற்களைக் கொண்டே விளக்கலாம். தனிமத்தின் பெயர் மாணவனுக்கு இடுகுறியாகவே அமைகிறது. அது குறிக்கும் பொருளைக் கண்ணால் காண இயலாதபோது, பெயர் உயிர்வளியாயினும் ஆக்சிஜனாயினும் அவன் மனப்பாடமே செய்கிறான். நிகழ்வின் பெயரோ காரணப்பெயர். தெளிந்த இரு கரைசல்கள் கலக்கும்போது திடீரெனத் தோன்றும் திண்மம் மெல்ல வீழ்ந்து அடியில் படிவதைக் கண்டவனுக்கு 'வீழ்படிவு' என்ற சொல்லை விளக்க வேண்டுவதில்லை. அது கண்ணுக்கு முன்னே நிகழ்கிறது.

காரணப்பெயரும் சில நேரங்களில் பொய்க்கும். எல்லா அமிலங்களிலும் இவ்வாயு இருப்பதாகக் கருதிய பிரெஞ்சு அறிஞர் இலவாசியே, அமிலத்தைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் கிரேக்க வேர்களைக் கொண்டு ஆக்சிஜன் என்ற பெயரை அமைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அவ்வாயு இல்லை என்பதை ஹம்ப்ரி டேவி 1810 அளவில் நிறுவினார். கருத்து வீழ்ந்தது, பெயர் நின்றது. மேனாட்டு மொழிகளிலும் அது இடுகுறியாகவே இன்று வழங்குகிறது. ஆகவே தனிமப் பெயர்களைக் கடனாகப் பெற்றதனால் தமிழ் தோற்றது என்று வருந்துவதற்கு இடமில்லை. வினைச்சொற்களைக் காத்துக்கொண்ட மொழி, மேசையின் நடுவிடத்தைக் காத்துக்கொண்டது.

மேசை ஊருக்கு வந்தது

சொற்கள் அமைந்த பின்னும் மேசை எல்லார்க்கும் கிட்டவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் ஆசிரியர் செய்துகாட்ட மாணவர் காண்பதே வழக்கமாயிருந்தது. தம் கையால் பகுப்பாய்வு செய்யும் வாய்ப்பு பெரும்பாலோர்க்குக் கல்லூரியின் புகுமுக வகுப்பில்தான் அமைந்தது. அதுவும் ஆங்கிலவழி.

1978-79ஆம் கல்வியாண்டில் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. கல்லூரியில் ஓராண்டாக இருந்த புகுமுக வகுப்பு நீங்கி, பள்ளியிலேயே இரண்டாண்டு மேல்நிலை வகுப்புகள் அமைந்தன. தமிழகக் கல்வி வரலாற்றில் பெரிதும் பேசப்படாத ஒரு விளைவு இதனால் உண்டாயிற்று. பியூரெட்டும் பிப்பெட்டும் கூம்புக் குடுவையும் உப்புப் பகுப்பாய்வும் கல்லூரி வாயிலைக் கடந்து சிற்றூர்ப் பள்ளிகளுக்கு வந்தன. அவற்றோடு தமிழும் மேசைக்கு வந்தது.

மதுரையைச் சூழ்ந்த சமவெளிக்கு இதன் பொருள் தனிப்பட்டது. கீழக்குயில்குடியின் பிரமலைக் கள்ளர்கள் மீது 1914இல் குற்றப் பரம்பரையினர் சட்டம் பாய்ந்தது. பிறப்பினாலேயே ஒரு சமூகத்தைக் குற்றவாளியென எழுதி வைத்து, கைரேகை பதித்து, இரவில் காவலர் முன் நிற்க வைத்த சட்டம் அது. 1920 ஏப்பிரலில் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்த மக்கள் சுடப்பட்டு மாண்டனர். அதன்பின் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் அரசு பள்ளிகளைத் திறந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது, பள்ளிகள் தொடர்ந்தன. இன்றைய மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பல தலைமுறைப் பிள்ளைகள் அவற்றில் பயின்றுள்ளனர்.

சான்றின்றி, பிறப்பைக் கொண்டே முடிவு கட்டியது அச்சட்டம். சான்றின்றி எதையும் ஏற்காதது சோதனை மேசை. வெள்ளைப் பொடி ஒன்றைக் கொடுத்து, இது இன்ன உப்பு என்று எவர் சொல்லையும் நம்பாமல் நீயே கண்டறி என்று ஒரு மாணவனிடம் கூறுவது சிறிய செய்தியன்று. முன்னோர் கைரேகை பதித்த அதே நிலத்தின் பிள்ளைகள் பிப்பெட்டைப் பிடித்தபோது, வேதியியல் பாடத்தோடு தீர்ப்புச் சொல்லும் உரிமையும் அவர்கள் கைக்கு வந்தது.

உப்புப் பகுப்பாய்வின் முறையை இங்குச் சுருக்கமாக நோக்கலாம். கொடுக்கப்பட்ட உப்பின் நிறம், மணம், கரையும் தன்மை ஆகியவற்றை மாணவன் முதலில் குறிக்கிறான். பின் நீர்த்த அமிலம், அடர் அமிலம் என ஒவ்வொன்றாகச் சேர்த்து எழும் வாயுவை ஆராய்கிறான். ஒவ்வொரு படியிலும் மூன்று பத்திகள் எழுதவேண்டும்: சோதனை, காண்பன, அறிவன. செய்ததையும் கண்டதையும் முடிவு செய்ததையும் பிரித்து எழுதும் இவ்வொழுங்கே அறிவியலின் இலக்கணம். காணாததைக் கண்டதாக எழுதுவதும், கண்டதற்கு மேல் முடிவு கட்டுவதும் இங்கே பிழைகள்.

அவன் காணும் காட்சிகளும் வறண்டவையல்ல. மயில்துத்தக் கரைசலில் அம்மோனியா மிகுதியாகச் சேர ஆழ்ந்த நீலம் பிறக்கிறது. புதிதாகச் செய்த அன்னபேதிக் கரைசலை நைட்ரேட்டு உப்பின் கரைசலோடு சேர்த்து, குழாயின் ஓரமாக அடர் கந்தக அமிலத்தை மெல்ல இறக்கினால், இரு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு பழுப்பு வளையம் தோன்றுகிறது. ஈய நைட்ரேட்டுக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு சேர மஞ்சள் வீழ்படிவு எழுகிறது. நீர் சேர்த்துச் சூடாக்கினால் அது கரைந்து மறைகிறது. ஆறவிட்டால் பொன் தகடுகளாகச் சுடர்ந்து மீள்கிறது.

பருமனறி பகுப்பாய்வு பொறுமையின் பாடம். பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு துளித்துளியாக அன்னபேதிக் கரைசலில் விழுந்து நிறமிழக்கிறது. ஒரு துளி மட்டும் நிறமிழக்காமல் இளஞ்சிவப்பாக நிலைக்கும்போது நிறுத்தவேண்டும். அடுத்த துளி மிகை. ஒருமுறை கிடைத்த அளவீட்டை நம்பாது, ஒத்த அளவீடு வரும்வரை மீண்டும் செய்யவேண்டும். தமிழகத்தார் இத்தொழிலைத் தரம் பார்த்தல் என்கின்றனர். இலங்கைத் தமிழர் நியமிப்பு என்பர். பியூரெட்டை அளவி என்றும் பிப்பெட்டைக் குழாயி என்றும் வழங்குவர். 1950களில் இலங்கை அரசு கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்ட பின், அங்கே பள்ளி உயர்தர வகுப்பு வரை தமிழில் வேதியியல் பயிலும் வழக்கம் உறுதிப்பட்டது. அளவி, குழாயி என்பவை தமிழகத்துச் செவிக்குப் புதுமையாக ஒலிப்பினும் அங்குள்ள மாணவர்க்கு அன்றாடச் சொற்கள். அவற்றை வாழ வைத்தது பட்டியலன்று. ஆண்டுதோறும் மேசையருகே நின்று அவற்றைப் பயன்படுத்திய பிள்ளைகளின் கை.

ஏடு வென்றபோது

மேசை ஊருக்கு வந்த வரலாற்றுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மேல்நிலைத் தேர்வில் பாடத்தின் 200 மதிப்பெண்களில் 50 செய்முறைக்கு என்ற ஒழுங்கு நெடுங்காலம் நிலவியது. மதிப்பெண் புகுந்த இடத்தில் அச்சமும் புகுந்தது. பதிவேட்டில் முன்னவர் எழுதியதைப் பார்த்து எழுதுவதும், வரவேண்டிய விடையை முன்னரே அறிந்து அதற்கேற்ப அளவீட்டைத் திருத்துவதும் பல இடங்களில் பழக்கமாயின. சோதனையைச் செய்யாமலே 'காண்பன' பத்தி நிரம்பியது. செவிவழிக் கல்வி ஆய்வுக்கூடத்திற்குள்ளும் வந்து அமர்ந்துகொண்டது.

அப்போது நேர்வது மதிப்பெண் முறைகேடு மட்டுமன்று, சொற்கள் சாகின்றன. வீழ்படிவைக் காணாதவன் எழுதும் 'வீழ்படிவு' அவனுக்கு ஆக்சிஜனைப் போன்றே ஓர் இடுகுறி. கண்ணும் கையும் கொடுத்த காரணம் அதிலிருந்து கழன்று விடுகிறது. அரும்பாடுபட்டு அறிஞர் ஆக்கிய தூய சொல்லாயினும், வெறும் மனப்பாடத்தில் அது அயற்சொல்லே.

இந்நிலையை மாற்ற முயன்றோரும் உளர். மத்தியப்பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியற் கல்வித் திட்டம், எளிய கருவிப் பெட்டியைக் கொடுத்துக் குழந்தைகள் தாமே சோதனை செய்து, தாமே முடிவுகளை எழுதிக்கொள்ளும் வழியைக் காட்டியது. முப்பதாண்டுகள் நடந்த அத்திட்டத்தை அம்மாநில அரசு 2002இல் நிறுத்தியது. தமிழகத்தில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அதன் சார்பில் 1987 முதல் வரும் 'துளிர்' சிறுவர் இதழும் விலை குறைந்த பொருள்களைக் கொண்டு சோதனை செய்யும் வழக்கத்தை ஊர்ப்புறங்களில் பரப்பின. சமச்சீர்க் கல்வி முறை வந்தபின், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் அறிவியற் செய்முறைக்கு 25 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது.

விலையுயர்ந்த கருவி இல்லாமையைக் காரணங் காட்டி மேசையை மூடி வைப்பதற்கு நியாயமில்லை என்பதை இம்முயற்சிகள் மெய்ப்பித்தன. மஞ்சள் தோய்ந்த தாள் காரத்தைக் காட்டும். செம்பருத்திச் சாறு அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் வேறொரு நிறமும் கொள்ளும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழாயால் ஊதினால், மூச்சிலுள்ள கரியமில வாயு அதனைப் பால்போல் ஆக்கும். அடுப்படியிலும் மருந்துக் கடையிலும் கிடைப்பவை இவை. பட்டறையில் பூட்டப்பட்டிருந்த அறிவு, பூட்டின்றிப் பிள்ளைகள் கைக்கு மீளும் வழியும் இதுவே.

கவிஞர்க்குரிய செய்தி

வட்டுக்கோட்டை தொடங்கிச் சிற்றூர் மேல்நிலைப் பள்ளி வரை நீளும் இவ்வரலாறு ஒன்றைத் திரும்பத் திரும்ப உணர்த்துகிறது. அறிஞர் அவையில் வாதிட்டு ஆக்கிய சொற்களுள் பல உதிர்ந்தன. கை தொட்ட சொற்கள் நிலைத்தன. கிரீனின் நூல்கள் மாணவரை இழந்தபோது மௌனமாயின. சித்தரின் பதங்கம், பரிபாஷையைத் துறந்து பாடநூலுக்குள் வந்தபோது புத்துயிர் பெற்றது. அளவியும் குழாயியும் ஈழத்தில் வாழ்வதும், அதே சொற்கள் தமிழகத்தில் வழங்காமையும் சொல்லின் தகுதியால் நேர்ந்த வேறுபாடல்ல, பயன்பாட்டால் நேர்ந்தது.

தமிழை வளர்ப்போம் என்னும் முழக்கம் இலக்கிய மேடைகளில் அடிக்கடி எழுகிறது. புதிய சொல்லைப் படைப்பது அவ்வளர்ச்சியின் பாதி. அச்சொல் வேலை செய்வதற்குரிய இடத்தை ஆக்கித் தருவது மறுபாதி. ஓர் ஊர்ப் பள்ளியின் ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தால் அங்கே கருவிகளோடு சேர்ந்து தமிழ்ச் சொற்களும் தூசி படிந்து கிடக்கின்றன. கலைச்சொல்லுக்காக வாதாடும் அன்பர்கள், அப்பூட்டு திறக்கப்படுகிறதா, பிள்ளைகளின் விரலில் மஞ்சளும் சுண்ணாம்பும் ஒட்டுகின்றனவா என்றும் கேட்டல் வேண்டும். கூம்புக் குடுவையைச் சுழற்றும் ஒரு சிறுமி, நிறம் நிலைத்த அந்த ஒரு துளியில் கையை நிறுத்தி, தான் கண்டதை மட்டும் தன் மொழியில் எழுதுவாளாயின், அங்கே வேதியியலும் வளர்கிறது, தமிழும் வளர்கிறது.